377ஏ போய்விட்டது. எது போனது, எது அப்படியே இருக்கிறது?

ஆணும் ஆணும் உறவுகொள்வதைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. சிங்கப்பூர்த் தமிழர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் இந்தப் பேச்சு வந்தால் இரண்டு வாக்கியங்கள் கட்டாயம் காதில் விழும். "அதான் சட்டத்தையே எடுத்துட்டாங்களே, இனி ஆம்பளையும் ஆம்பளையும் கல்யாணம் பண்ணிக்கலாம்" என்பது ஒன்று. "இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்பா, நம்ம பண்பாட்டுல ஏது?" என்பது மற்றொன்று. கோப்பிக்கடையிலும் கேட்கலாம், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் படிக்கலாம். முதலாவது சட்டப்படி தவறு. இரண்டாவது வரலாற்றைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது.

எனக்கு இதில் ஒரு சார்பு உண்டு. வயது வந்த இருவர் மனம் ஒப்பி வீட்டுக்குள் செய்வதில் போலிசுக்கு வேலை இல்லை என்று நினைப்பவன் நான். வேறு மாதிரி நினைப்பவர்களும் சட்டம் என்ன சொன்னது, இப்போது என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு எதிர்க்கலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சில சொற்கள். தன் பாலினத்தவர்மீதே காதலும் நாட்டமும் கொள்பவர் தன்பாலீர்ப்பாளர். பிறக்கும்போது ஆண் என்று பதியப்பட்டு, பெண்ணாகத் தன்னை உணர்பவர் திருநங்கை. அதற்கு மறுதலை திருநம்பி. இவர்கள் எல்லாரையும் ஒரே குடைக்குள் சொல்ல, பால்புதுமையர் என்ற பெயர் தமிழில் இப்போது புழங்குகிறது. அயலார் ஆட்சியிலிருந்து விடுபட்ட பிறகும் அந்த ஆட்சியின் சட்டம், நிர்வாகம், பள்ளி ஆகியவற்றோடு வாழும் சமூகத்தைப் பின்காலனியச் சமூகம் என்பார்கள். சிங்கப்பூர், மலேசியா, இந்தியா, இலங்கை எல்லாம் அதில் அடங்கும்.

முன்பு இருந்தவர் அடித்த அலமாரி

மறுவிற்பனை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சாவி கைக்கு வரும்போது, முன்பு இருந்தவர் சுவரோடு சேர்த்து அடித்த அலமாரியும் கூடவே வரும். நாம் கேட்டதில்லை. பெயர்த்தெடுத்தால் செலவு, சுவரும் பெயரும், இப்போதைக்கு இருக்கட்டும் என்று விட்டுவிடுவோம். இருபது ஆண்டு போனால் அது நம் வீட்டு அலமாரி. யாராவது கழற்றலாம் என்றால் "தாத்தா காலத்துப் பொருள், தொடாதே" என்போம். அதை அடித்தவரோ தன் புது வீட்டில் அப்படி ஒன்றை வைத்துக்கொள்ளவே இல்லை.

377ஏ கதையும் ஏறக்குறைய இதுதான். இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷார், மெக்காலே தலைமையில் 1837-இல் ஒரு தண்டனைச் சட்ட வரைவைத் தயாரித்தார்கள். அது பல மாற்றங்களுக்குப் பிறகு 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டமானது. "இயற்கைக்கு மாறான" உடலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு அதில் இருந்தது. அந்தச் சட்டத்தைப் பின்பற்றித்தான் 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு, அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த ஆட்சிப் பகுதிக்கு, தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. பிரிவின் எண்ணைக்கூட மாற்றவில்லை.

377ஏ அதற்கு வெகு காலம் கழித்து வந்தது. அதன் வேர் லண்டனில் இருக்கிறது. 1885-இல் ஹென்றி லபூஷேர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு மசோதாவில் கடைசி நேரத்தில் ஒரு பிரிவைச் செருகினார்: ஆணும் ஆணும் "அப்பட்டமான ஆபாசச் செயலில்" ஈடுபட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. பொது இடம், தனி இடம் என்ற வேறுபாடே கிடையாது. எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் 1895-இல் சிறை சென்றதும், கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1952-இல் தண்டிக்கப்பட்டதும் இந்தப் பிரிவின் கீழ்தான். அதே வாசகம் 1938-இல் சிங்கப்பூருக்கு வந்து 377ஏ ஆனது. இங்கிலாந்தும் வேல்ஸும் 1967-இல், 21 வயது நிரம்பிய இரு ஆண்கள் தனிமையில் உறவுகொள்வதைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. சிங்கப்பூரில் அது 2022 வரை நின்றது.

அப்படியானால் காலனி ஆட்சி வருவதற்கு முன்பு நம் சமூகம் எல்லாரையும் அரவணைத்ததா? அப்படிச் சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. கூவாகத்தில் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்ளும் விழா நடக்கிறது. அதே ஊர்களில் பெற்ற பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்திய குடும்பங்களும் உண்டு. சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒருவரின் படுக்கையறை விவகாரத்தை எண் போட்டு, பிரிவு போட்டு, சிறைத்தண்டனையோடு அரசாங்கக் குற்றமாக எழுதி வைத்த இந்த வடிவம் கப்பலேறி வந்தது.

சுதந்திரம் வந்தும் ஏன் நின்றது?

இங்கேதான் உண்மையான இயக்கமுறை இருக்கிறது. ஒரு நாடு விடுதலை பெறும் நாளில் எல்லாச் சட்டங்களும் காலாவதியானால் மறுநாள் காலையில் வாடகை ஒப்பந்தம் செல்லாது, திருடனைப் பிடிக்க முடியாது. அதனால் புதிய அரசமைப்புச் சட்டத்தில் ஒரு வரி சேர்ப்பார்கள்: இதுவரை இருந்த சட்டங்கள் தொடரும். சிங்கப்பூர் அரசமைப்பில் அது 162-ஆம் விதி. இதைத் தொடர்ச்சி விதி என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல நோக்கத்தோடு வைத்த வரிதான். ஆனால் அது நல்ல சட்டம், கெட்ட சட்டம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை; எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வருகிறது.

பிறகு எடுக்க வேண்டுமென்றால் ஒன்று நாடாளுமன்றம் நீக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் செல்லாது என்று சொல்ல வேண்டும். எந்த அரசியல்வாதியும் இதில் ஓட்டுக் கிடைக்கும் என்று கணக்குப் போட மாட்டார். அதனால் பழைய பிரிவு கிடந்தபடி கிடக்கும். கிடந்த காலத்தில் அதற்கு உள்ளூர் நியாயங்கள் முளைக்கும்: நம் மதம், நம் குடும்பம், ஆசிய விழுமியம். இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் சம்மத உறவுக்கு 377 பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. இலங்கையில் அதே மரபில் வந்த 365, 365ஏ பிரிவுகள் 1995-இல் திருத்தப்பட்டபோது, ஆண்களுக்கு மட்டும் இருந்த 365ஏ பெண்களையும் உள்ளடக்கியதாக விரிந்தது. அதைச் செய்தது சுதந்திர நாட்டின் நாடாளுமன்றம். மலேசியாவிலோ இருபது ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் சட்டத்தில் இருக்கின்றன. மூலம் ஒன்று, முடிவு நாட்டுக்கு நாடு வேறு. காலனி ஆட்சியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுக் கையைக் கழுவ முடியாது என்பதற்கு இலங்கையே சாட்சி.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: 377 இந்தியா வழியாக 1871-இல் வந்தது, 377ஏ லண்டன் வாசகத்தோடு 1938-இல் வந்தது, தொடர்ச்சி விதி இரண்டையும் சுதந்திர சிங்கப்பூருக்குள் கொண்டுவந்து சேர்த்தது.

377 வேறு, 377ஏ வேறு

பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது. 377 ஆண், பெண் என்று பார்க்கவில்லை. கணவன் மனைவிக்கு இடையிலான வாய்வழி உறவுகூட அதன்படி குற்றம்தான். 377ஏ ஆணுக்கும் ஆணுக்கும் மட்டும். பெண்ணும் பெண்ணும் அதில் வரவே இல்லை. சிங்கப்பூரில் தன்பாலீர்ப்பாளராக இருப்பதே குற்றம் என்று வெளிநாட்டு ஏடுகள் எழுதியதும் இந்த வகையில் சரியில்லை. குற்றம் ஆண்களின் செயலுக்கு மட்டுமே இருந்தது.

2007-இல் தண்டனைச் சட்டம் பெரிய அளவில் திருத்தப்பட்டது. அப்போது 377 நீக்கப்பட்டது. வயது வந்த ஆணும் பெண்ணும் சம்மதத்தோடு தனிமையில் கொள்ளும் இத்தகைய உறவு குற்றமில்லை என்றானது. 377ஏ மட்டும் இருக்கட்டும் என்று விட்டார்கள். நியமன நாடாளுமன்ற உறுப்பினர் சியூ கும் ஹொங் நீக்கக் கோரும் மனுவை நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்தார். வைத்துக்கொள்ள வேண்டும் என்று எதிரணியும் கையெழுத்துத் திரட்டியது. பிரதமர் லீ சியன் லூங், சட்டம் இருக்கும், ஆனால் முனைந்து அமல்படுத்த மாட்டோம் என்ற நிலைப்பாட்டை எடுத்துரைத்தார்.

என் பார்வையில் 377ஏ உண்மையில் கூர்மை பெற்றது அந்த ஆண்டில்தான். அதுவரை பொதுவான ஒரு பழைய பட்டியலில் அதுவும் ஒன்று. பக்கத்தில் இருந்ததை எடுத்துவிட்டு இதை மட்டும் விட்ட பிறகு, அது வேண்டுமென்றே வைத்துக்கொண்ட சட்டம்.

"அமல்படுத்தாத சட்டத்தால் என்ன கெடுதல்?"

நியாயமான கேள்வி. பதில், சட்டத்தின் நிழலில் இருக்கிறது. முனைந்து அமல்படுத்தாத ஒரு பிரிவைச் சுட்டிக்காட்டியே மற்ற விதிகளுக்கு நியாயம் சொல்ல முடிந்தது. ஒளிபரப்பில் தன்பாலீர்ப்பாளரை இயல்பாகக் காட்டக்கூடாது, பாலியல் கல்வி வகுப்பில் அது சட்டவிரோதம் என்று சொல்லித்தர வேண்டும் என்றெல்லாம். பீப்பல் லைக் அஸ் என்ற குழு சங்கமாகப் பதிந்துகொள்ள விண்ணப்பித்து 1997-லும் 2004-லும் நிராகரிக்கப்பட்டது. வீட்டில் பிள்ளை வாய் திறந்தால் "போலிஸ் பிடிச்சிட்டுப் போயிடும்டா" என்று அம்மா அழுவதற்கும் அந்தப் பிரிவு போதும். வழக்கே தேவையில்லை.

நீதிமன்றத்தில் நடந்தது

2010-இல் ஓர் ஆண், கடைத்தொகுதி ஒன்றின் கழிவறையில் கைதாகி 377ஏ-யின் கீழ்க் குற்றம் சாட்டப்பட்டார். பிறகு குற்றச்சாட்டு வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டது. வழக்கறிஞர் எம். ரவி விடவில்லை, பிரிவே அரசமைப்புக்கு முரண் என்று வாதாடினார். 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுக்க குற்றம் சாட்டப்பட்ட அந்த ஆணுக்கு உரிமை உண்டு என்றது. ஆனால் 2014 அக்டோபரில், பிரிவு செல்லும் என்றே தீர்ப்பு வந்தது.

ஏன் செல்லும் என்றார்கள்? அரசமைப்பின் 12-ஆம் விதி, சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. ஆனால் எல்லாச் சட்டமும் யாரையாவது பிரித்துத்தான் பார்க்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு ஒரு சட்டம், மூத்தோருக்கு ஒரு சட்டம். எந்தப் பிரிப்பு சரி என்று பார்க்க நீதிபதிகள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். அதற்கு நியாயமான வகைப்பாடு என்று பெயர். யாரைப் பிரிக்கிறாய் என்பது தெளிவாக இருக்க வேண்டும். அந்தப் பிரிப்பு சட்டத்தின் நோக்கத்தோடு பொருந்த வேண்டும். 377ஏ பிரிப்பது ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களை. அதன் நோக்கம் ஆணோடு ஆண் உறவுகொள்வதைத் தண்டிப்பது. ஆக, பொருந்துகிறது! வட்டமாகச் சுற்றி வந்த இடத்திலேயே நிற்கும் வாதம் என்று சட்ட அறிஞர்கள் பலர் விமர்சித்தார்கள். பாகுபாடு காட்டக்கூடாதவை என்று 12-ஆம் விதி பெயர் சொல்லிக் குறிப்பிடுபவை மதம், இனம், மரபுவழி, பிறந்த இடம் மட்டும். பாலினமும் பாலீர்ப்பும் அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் நீதிமன்றம் கவனித்தது.

இந்தியத் தீர்ப்பு வந்த பிறகு சிங்கப்பூரில் மூவர் புதிதாக வழக்குத் தொடுத்தார்கள். அவற்றை உயர் நீதிமன்றம் 2020 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில், தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான ஐவர் அமர்வு 2022 பிப்ரவரி 28 அன்று ஒரு நூதனமான தீர்ப்பைக் கொடுத்தது. தலைமைச் சட்ட அதிகாரி முன்னறிவிப்புக் கொடுத்து நிலைப்பாட்டை மாற்றினாலன்றி 377ஏ-யை அமல்படுத்தவே முடியாது. எனவே உங்களுக்கு ஆபத்தில்லை. எனவே அது அரசமைப்புக்கு முரணா என்று நாங்கள் இப்போது சொல்ல வேண்டியதில்லை. சட்டம் புத்தகத்தில் உயிரோடு இருந்தது. கையும் காலும் கட்டப்பட்டிருந்தது.

2022: ஒரு கதவு திறந்தது, இன்னொன்றுக்குப் பூட்டு

இனி அடுத்த வழக்கில் நீதிமன்றம் இதை ரத்து செய்துவிடக்கூடும் என்று அரசாங்கத்துக்குச் சட்ட ஆலோசனை கிடைத்தது. 377ஏ போவதைவிட, அதே 12-ஆம் விதியைக் காட்டித் திருமணச் சட்டத்தையும் நாளைக்கு யாராவது நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள் என்பதுதான் பெரிய கவலை. 2022 ஆகஸ்ட் 21 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ இரண்டையும் ஒரே மூச்சில் அறிவித்தார்: 377ஏ நீக்கப்படும், திருமணத்தின் வரையறை காக்கப்படும்.

நவம்பர் 28, 29 இரண்டு நாளும் விவாதம். சட்ட, உள்துறை அமைச்சர் கா. சண்முகம் நீக்க மசோதாவைக் கொண்டுவந்தார். ஆதரவாக 93, எதிராக 3. அரசமைப்புத் திருத்தத்துக்கு ஆதரவாக 85, எதிராக 2. இரண்டும் 2023 ஜனவரி 3 அன்று நடப்புக்கு வந்தன.

அந்தத் திருத்தம்தான் 156-ஆம் விதி. "ஆண் பெண் திருமணம் என்று அரசமைப்பிலேயே எழுதிவிட்டார்கள்" என்று பலர் சொல்கிறார்கள். அப்படி எழுதவில்லை. திருமணத்தை வரையறுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் என்று வரையறுத்தால், அடிப்படை உரிமைகளைக் காட்டி அந்தச் சட்டத்தை ரத்து செய்ய முடியாது. இவ்வளவுதான் அதன் சாரம். வரையறை இருப்பது, திருமணங்களை ஒழுங்குபடுத்தும் மாதர் சாசனம் போன்ற சாதாரணச் சட்டத்தில். நாளைய நாடாளுமன்றம் நினைத்தால் சாதாரணப் பெரும்பான்மையில் அதை மாற்றலாம். பூட்டு நீதிமன்ற வாசலில் போடப்பட்டது, சாவி நாடாளுமன்றத்திடம்.

இங்கே மூன்று படிகளைப் பிரித்துப் பார்த்தால் கோப்பிக்கடைக் குழப்பம் தீரும். செயலைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுப்பது குற்றநீக்கம். வேலை, வாடகை, கல்வி ஆகியவற்றில் ஒதுக்காமல் காப்பது பாகுபாட்டுப் பாதுகாப்பு. துணையைத் துணை என்று அரசாங்கம் ஏற்பது உறவு அங்கீகாரம். சிங்கப்பூர் முதல் படியில் ஏறியிருக்கிறது. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் வயது, இனம், மதம், உடற்குறை எனப் பலவற்றைப் பட்டியலிடுகிறது. பாலீர்ப்பும் பாலின அடையாளமும் அதில் இல்லை.

அறுவைச் சிகிச்சை அறையில் வேறு கதை

சட்டம் ஒரே சீராக நகர்வதில்லை என்பதற்கு ஒரு வேடிக்கை. 377ஏ முழு வலுவோடு இருந்த 1971-இல், ஜூலை 30 அன்று, கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பாலின மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. செய்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர், பேராசிரியர் சண் இரத்தினம். 1973 முதல் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொள்ளவும் வழி பிறந்தது. 1996-இல் மாதர் சாசனம் திருத்தப்பட்டு, சிகிச்சை செய்துகொண்டவர்கள் புதிய பாலினத்தின்படி மணந்துகொள்ளலாம் என்றானது. தன்பாலீர்ப்பு ஆண் குற்றவாளி. திருநங்கை மணப்பெண் ஆகலாம். மருத்துவர் கையெழுத்துப் போட்டு ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள் பொருத்திவிட முடிந்தால் அரசாங்கத்துக்குச் சங்கடமில்லை என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். அதனால் திருநங்கையரின் அன்றாடம் எளிதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். வேலைக்கு நேர்காணலுக்குப் போனால் தெரியும்.

ஹோங் லிம் பூங்காவின் எல்லைக்குள்

இங்கே உரிமைப் போராட்டம் சென்னை, டெல்லி ஊர்வலம் போல் இருக்காது. அனுமதியின்றித் தெருவில் இறங்க முடியாது. ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் மட்டும், 2008 செப்டம்பர் முதல், குடிமக்கள் போலிஸ் அனுமதிச் சீட்டு இல்லாமல் கூட்டம் நடத்தலாம் என்று விதி தளர்ந்தது. அடுத்த மே மாதமே அங்கே பால்புதுமையருக்கு ஆதரவான முதல் பிங்க் டாட் கூட்டம் நடந்தது. ஏறக்குறைய 2,500 பேர் இளஞ்சிவப்பு உடையில் கூடி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பாட்டி தாத்தாவோடு பாய் விரித்து உட்காரும் உல்லாசக் கூட்டம் போலவே அதை அமைத்தது தற்செயல் அல்ல. மோதினால் கதவு அடையும் ஊரில், புன்னகையோடு கூட்டத்தைப் பெருக்குவதே உத்தி.

எதிர்ப்பும் இருந்தது. 2014-இல் அதே நாளில் வெள்ளை உடை அணியச் சொல்லி ஒரு சமய இயக்கம் கிளம்பியது. வெளிநாட்டு நிறுவனங்கள் பணம் கொடுப்பதை அரசாங்கம் விரும்பவில்லை. 2017-இல் விதி இறுகியது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும் உள்ளே வரலாம். பூங்காவைச் சுற்றித் தடுப்பு, நுழைவாயிலில் அடையாள அட்டைச் சோதனை. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் தன் சிங்கப்பூர்த் துணையைத் தடுப்பு வரை கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே நிற்க வேண்டியதுதான். இதில் ஒரு நல்லதும் நடந்தது: வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பதிலாக நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் நிறுவனங்கள் முன்வந்தன. அதன்பின் அந்நியர் தூண்டுதல் என்று சொல்வது கடினமானது.

இன்று ஒரு ஜோடியின் நிலை

குற்றம் போனபின் எஞ்சியிருப்பது காகிதப் பிரச்சினை. இரு ஆண்கள், அல்லது இரு பெண்கள், பத்து ஆண்டு சேர்ந்து வாழ்ந்தாலும் வீவக பார்வையில் இரண்டு ஒற்றையர். 35 வயது வரை காத்திருந்து, ஒற்றையர் திட்டத்தின் கீழ்தான் வீவக வீடு வாங்கலாம். வெளிநாட்டில் பதிவு செய்த திருமணச் சான்றிதழ் இங்கே செல்லாது. தத்தெடுப்பதற்குத் தம்பதி என்று சேர்ந்து விண்ணப்பிக்க முடியாது.

ஆனால் சில வழிகள் இன்றைய சட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன; அவற்றைத் தெரியாமல் விட்டவர்கள்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். நீடித்த அதிகாரப் பத்திரம் எழுதி வைத்தால், மனத்திறன் இழந்துவிடும் நிலையில் பராமரிப்பையும் பணத்தையும் யார் பார்ப்பது என்று நீங்களே பெயர் குறிப்பிடலாம். அவர் உறவினராக இருக்க வேண்டும் என்றில்லை. உயில் எழுதலாம், முஸ்லிம்களுக்கு வாரிசுரிமை விதி வேறு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு. மத்திய சேமநிதிப் பணம் உயிலில் சேராது. அதற்குத் தனி நியமனப் படிவம் உண்டு, இணையத்திலேயே நிரப்பலாம், இரண்டு சாட்சிகள் வேண்டும். அதை நிரப்பாமல் போனால் பணம் சட்டப்படி பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ போகும். கூட வாழ்ந்தவர் பெயர் அந்தக் கணக்கில் வரவே வராது.